முதுமைக்கு எங்கே வீடு? மதுரைச் சமவெளியில் நிலமும் வழக்கமும் கட்டடமும்

2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என்று மத்திய அரசின் மக்கள்தொகை முன்கணிப்புக் குழு சொல்கிறது. இந்த வரிசையில் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதியவராக இருக்கப்போகும் ஒரு சமூகம் அவர்களுக்கு எப்படிப்பட்ட வீட்டைக் கட்டித் தரப் போகிறது என்ற கேள்வியைக் கட்டடக்கலைஞர்கள், மனைத்தொழில் செய்வோர், அரசு, குடும்பங்கள் என நாலு தரப்பும் நாலு விதமாக அணுகுகின்றன. இந்தக் கட்டுரை அந்த அணுகுமுறைகளை மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் நின்று பார்க்கிறது. ஒப்பிடுவதற்காகக் கடற்கரைக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருகிறது.

இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி கோயம்புத்தூர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இருந்தே ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனி வளாகங்கள் அங்கே எழுந்தன. பொதுச் சமையற்கூடம், மருத்துவ அறை, ஆபத்துக்கு அழுத்தும் மணி, நடைபாதை, சிறு கோயில் என்று ஒரு முன்மாதிரி அங்கே உருவாகி, பிறகு சென்னையின் புறநகருக்கும் பிற ஊர்களுக்கும் பரவியது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற நடுத்தர வர்க்கப் பெற்றோரின் உண்மையான தேவை ஒன்றை இவை நிறைவேற்றுகின்றன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த வளாகங்களின் விளம்பரங்களில் 'நம் மண்ணின் மரபு', 'செட்டிநாட்டுச் சாயல்', 'கிராமியச் சூழல்' என்ற சொற்கள் வரும்போது அவை எதைக் குறிக்கின்றன என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் முகப்பில் நான்கு மரத்தூண், வரவேற்பறையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் ஒரு கோலம். நகரில் இருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, சுற்றுச்சுவருக்குள் இவை நிற்கும்போது மரபின் தோல் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. மரபு இயங்கிய விதம் வரவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தில் இருந்தும் வழக்கத்தில் இருந்தும் முதியோர் குடியிருப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: தெருவும் வீடும் சந்திக்கும் நிழல் விளிம்பு, தண்ணீர் போகும் வழியை மதித்துத் தேர்ந்த மனை, ஒரே கூரைக்குள் தனித்தனி அடுப்பு. அலங்காரம் இந்த மூன்றுக்கும் பின்னால் வரட்டும்.

தெருவைப் பார்த்து உட்காரும் இடம்

மதுரையின் பழைய நகரம் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிந்தது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கப்பால் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. வெளி வீதி வந்த கதை தனி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். அந்த வேலையில் பங்குகொண்ட பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் மாரட்டின் பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத்தூண் ஒரு நிறுத்தத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அகழி இருந்த இடத்தில் குடியிருப்பு வந்த அந்த மாற்றம்தான் மதுரை தன் கோட்டைக்கு வெளியே வளரத் தொடங்கிய நேரம்.

இந்த வீதிகளுக்கு மாதங்களின் பெயர் இருப்பதற்குக் காரணம் திருவிழா ஊர்வலங்கள். சாமி புறப்பாடு தெருவுக்கு வரும். ஆகவே தெருவைப் பார்த்து உட்கார ஓர் இடம் வீட்டுக்கு வேண்டியிருந்தது. சௌராஷ்டிரர் தெருக்களிலும் அக்ரகாரங்களிலும் வீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உடலுமாகத் தோளோடு தோள் ஒட்டி நின்றன. முன்னால் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு. திண்ணையின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை அடி. மூட்டு தேய்ந்தவர் அதிகம் குனியாமல் உட்கார்ந்து, தொடையில் கையை ஊன்றி எழ ஏற்ற உயரம் அது. இன்றைய அணுகல் தர விதிகள் இருக்கைக்குச் சொல்லும் 45 சென்டிமீட்டரும் அதேதான். சில வீடுகளில் திண்ணையின் சுவர்ப்பக்கத்தில் சுண்ணாம்பால் சாய்மானம் கட்டி வழவழவென்று தேய்த்திருப்பார்கள். மதியம் சாப்பிட்ட பின் ஒரு முதியவர் அதில் முதுகைச் சாய்த்தால் பாதி உடம்பு வீட்டில், பாதி பார்வை தெருவில். பூக்காரி போகிறாள், பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், எதிர்வீட்டுக்காரர் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். அவருடைய உடல்நிலையைத் தெருவே கவனித்துக்கொண்டிருந்தது. ஒரு காலை அவர் திண்ணைக்கு வரவில்லையென்றால் கதவைத் தட்டிக் கேட்க ஆள் இருந்தது.

முதியோர் இல்லங்களில் மணிப் பொத்தானும் கண்காணிப்புக் கேமராவும் செய்யும் வேலையைத் திண்ணை எந்தச் செலவும் இல்லாமல் செய்தது. அது அழிந்ததற்கு மனையின் விலையும் கடைகளும் இருசக்கர வாகனங்களும் காரணம். மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் வீடுகள் ஜவுளிக்கடையாக, நகைக்கடையாக, லாட்ஜாக மாறின. குடும்பங்கள் அண்ணாநகர், கே.கே.நகர், வில்லாபுரம், திருநகர் என்று விரிவுப் பகுதிகளுக்குப் போயின. அங்கே வீட்டுக்கு முன்னால் இருப்பது இரும்புக் கேட்டும் கார் நிற்கும் இடமும்.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் தெருவின் மட்டம் உயர்ந்துகொண்டே வந்தது. பழைய வீடுகள் பள்ளத்தில் விழுந்தன. மழைத்தண்ணீர் உள்ளே வருவதைப் பார்த்தவர்கள் புது வீட்டுக்கு மூன்றடி, நான்கடி உயரத்தில் அடித்தளம் போட்டார்கள். தெருவில் இருந்து வாசலுக்கு ஆறேழு படி, அதுவும் மனைக்குள் இடம் போதாமல் செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயர்ந்தால் பன்னிரண்டடி நீள வேண்டும் என்பது பொதுவிதி. மூன்றடி அடித்தளத்துக்கு 36 அடி நீளச் சாய்தளம் தேவை. ஒரு சென்ட், இரண்டு சென்ட் மனையில் அது நடக்கிற காரியமில்லை. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அது வீடுகளை வெள்ளத்தில் இருந்து காக்கும் உத்தரவாகவே பேசப்பட்டது. வீட்டுக்குள் அடைபட்ட முதியவர்களை வெளியே கொண்டுவரும் உத்தரவும் அதுதான். ஒரு தெருவின் மட்டத்தைக் காப்பாற்றுவது அந்தத் தெருவில் உள்ள எல்லா முதியோருக்கும் செய்யும் கட்டட உதவி.

தண்ணீர் போகும் வழி

மதுரைச் சமவெளியில் எங்கே கட்டுவது என்ற கேள்விக்குக் கண்மாய்கள் நூற்றாண்டுகளாக விடை வைத்திருக்கின்றன. ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்து, மறுகால் ஓடி, அடுத்த கண்மாயில் சேரும். கடைசியில் மிச்சத் தண்ணீர் வைகைக்கோ கீழ்நாட்டுக்கோ போகும். இந்தச் சங்கிலியை மீட்கும் வேலையை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. நகரம் இந்தச் சங்கிலியின் மேலேயே ஏறி வளர்ந்தது. 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாயின் இடத்தில் நிற்கிறது. அரசே அப்படிக் கட்டும்போது தனியாரை என்ன சொல்வது? 2024 அக்டோபர் இறுதியில் ஒரே நாளில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி தண்ணீரில் நின்றது. பந்தல்குடிக் கால்வாயின் கொள்ளளவு என்ன என்று நகரமே கேட்டது.

வெள்ளம் எல்லாரையும் பாதிக்கும். ஆனால் முதல் மாடிக்கு ஏற முடியாதவரை அது வேறு மாதிரி பாதிக்கிறது. தரைத்தளம் வேண்டும் என்று முதியவர்கள் கேட்பது நியாயம். அதே தரைத்தளம்தான் வெள்ளத்தில் முதலில் மூழ்கும். இந்த முரணைத் தீர்க்க லிப்ட் மட்டும் போதாது, மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். மனையைத் தேர்ந்தெடுக்கும்போதே கண்மாயின் நீர்ப்பிடிப்புக்கும் மறுகாலுக்கும் வெளியே நிற்க வேண்டும். வருவாய்த் துறையின் பழைய புல வரைபடத்தை எடுத்து, கண்மாய், வாய்க்கால், ஊருணி என்று குறித்திருப்பதை மனையின் மேல் வைத்துப் பார்ப்பது ஒரு நாள் வேலை. முதியோர் குடியிருப்பு வாங்கும் பிள்ளைகள் நீச்சல் குளம் உண்டா என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் பாறையும். திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டித் தெற்கே போனால் கரிசல். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்ட வீட்டில் சில ஆண்டுகளில் தரை ஒரு பக்கம் தூக்கி, ஓடுகளுக்கிடையே அரை அங்குல விளிம்பு எழும். நாற்பது வயதுக்காரர் அதைக் கவனிக்கவே மாட்டார். காலை இழுத்து நடக்கும் எண்பது வயதுக்காரர் அதில்தான் தடுக்கி விழுவார். அடியில் குமிழ்போல் விரிந்த பைல் அஸ்திவாரம் கரிசலுக்கு ஏற்றது என்று பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரியும். செலவு கூடும் என்பதால் தவிர்க்கிறார்கள்.

தண்ணீரை மதித்துக் கட்டிய குடியிருப்புக்கு செட்டிநாட்டுச் சமவெளியில் தெளிவான உதாரணம் உண்டு: ஊருணியைச் சுற்றிய ஊர். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் குடிநீருக்கென்று தனி ஊருணி, கல் படிக்கட்டு, கரையில் கோயில், ஓர் அரசமரம். தண்ணீர் எடுக்கவும் அமர்ந்து பேசவும் ஊரார் கூடும் இடம் அது. ஒரு முதியோர் வளாகத்தின் நடுவில் சிமென்ட் நீரூற்றுக்குப் பதில் மழைநீர் சேரும் ஊருணி ஒன்று, கைப்பிடி வைத்த கரையோடு, இருந்தால் நிலத்தடி நீரும் காக்கப்படும், மாலை நடைக்கு ஒரு காரணமும் கிடைக்கும். 2003இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதைக் குழாயும் குழியுமாக மட்டும் செய்து முடித்துவிட்டோம், மனிதர்கள் உட்காரும் இடமாகச் செய்யத் தவறினோம்.

கடற்கரை காட்டியவை

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் காவிரிப்பூம்பட்டினக் கடற்கரையில் இருந்து உள்நாட்டுக்கு வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. உயர்ந்த அடித்தளம் மேல் வீடு கட்டும் வழக்கத்தைக் கடல்வெள்ளத்தின் நினைவோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. அது எவ்வளவு உண்மையோ, கடலும் சமவெளியும் நம் வீட்டுக் கதையில் தொடர்ந்து ஒன்றையொன்று தொடுகின்றன.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. பெரும்பாலானவை கட்டங்கட்டமான வரிசை வீடுகள். அவற்றில் இருந்து விலகி நின்ற ஒரு முயற்சி அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தின் தரங்கம்பாடி, சின்னங்குடி கிராமங்களில் நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து அந்த வீடுகளை வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் பென்னி குரியாக்கோஸ். லாரி பேக்கரிடம் பயின்ற அவர், முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவின் கட்டடங்களிலும் பங்காற்றியவர். மீனவக் குடும்பங்களிடம் கேட்டு, திண்ணையும் முற்றத்து மரமும் அக்கம்பக்கத்தாரின் நெருக்கமும் கெடாமல் வீடு அமைப்பதில் அந்தத் திட்டம் கவனம் செலுத்தியது. வலை பின்னவும் மீன் உலர்த்தவும் கிழவிகள் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுக்கு வெளியே நிழல் வேண்டும் என்பதை அங்கே யாரும் அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடலூர் மாவட்டத்தில் ஹெல்பேஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. சுனாமியில் ஆதரவை இழந்த முதியோருக்காக எழுந்த அந்த இடத்தில் வரிசைக் கட்டில்கள் போட்ட பெரிய கூடத்துக்குப் பதில் ஒரு சிற்றூரின் அமைப்பைத் தேர்ந்தார்கள். வசதியற்றவர்களுக்கும் தனி வாசல், தனி நிழல், தோட்ட வேலை கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. நம் மாவட்டங்களில் அறக்கட்டளைகள் நடத்தும் பல இல்லங்கள் இன்னும் பள்ளிக்கூட வடிவத்திலேயே இருக்கின்றன: நீண்ட தாழ்வாரம், இருபுறமும் அறை, கடைசியில் பொதுக் கழிப்பறை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோருக்கு, இல்லம் அமைக்க மாநிலங்களுக்கு வழிசெய்கிறது. எண்ணிக்கையைச் சொன்ன சட்டம், ஊருக்குள் எங்கே என்பதையும் சொல்லியிருக்கலாம்.

கடல் பார்த்த அடுக்ககங்கள் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவை வேகமாக எழுகின்றன. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பிக்கு மேல் கான்கிரீட் பூச்சு தடிமனாக இல்லாவிட்டால் பால்கனிக் கைப்பிடிதான் முதலில் ஆட்டம் காணும். முதுமையில் ஒருவர் தன் முழு எடையையும் சாய்ப்பது அந்தக் கைப்பிடியில்தான்.

செட்டிநாட்டு வீட்டுக்குள்

மதுரையில் இருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள காரைக்குடி வட்டாரத்து வீடுகளை எல்லோரும் தூணுக்கும் தேக்குக்கும் தரைக்கும் புகழ்கிறார்கள். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் சேர்ந்தன. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று செட்டிநாட்டு வடிவில்தான் திறக்கப்பட்டது. எனக்கு அந்த வீடுகளில் மிக முக்கியமாகப் படுவது வேறு: நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குத் திருமணம் ஆனதும் 'வேறு வைப்பார்கள்'. அதே வீட்டில், வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் ஒன்று அவர்களுக்கு; சமையலும் கணக்கும் தனி. பெற்றோர் தங்களுக்குத் தாங்களே சமைத்துக்கொள்வார்கள், மகன் குடும்பம் பத்தடி தள்ளி. கல்யாணம், படைப்பு, காரியம் என்றால் எல்லோருக்கும் பொதுச் சமையல் பின்கட்டில். யாரும் யாரையும் சார்ந்திருக்கவில்லை என்ற மரியாதையும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கிறது என்ற தைரியமும் ஒருசேர அந்த அமைப்பில் கிடைத்தன. தனி அடுப்பும் பொது முற்றமும் என்ற இந்தச் சூத்திரத்தைத்தான் ஐரோப்பாவில் டென்மார்க் போன்ற நாடுகளில் கூட்டுக் குடியிருப்பு என்று இருபதாம் நூற்றாண்டில் புதிதாகக் கண்டெடுத்தார்கள்.

இன்றைய ஓய்வு வளாகங்களில் பெரும்பாலும் சமையலறை மிகச் சிறியது, உணவு பொதுக்கூடத்தில். முடியாதவர்களுக்கு அது வரம். ஆனால் ஐம்பது ஆண்டு சமைத்த ஓர் அம்மாவுக்குத் தன் ரசத்தைத் தானே வைக்க முடியாத வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடுதிதான். ஒரு சிறு அடுப்படி, இடுப்புக்கு இசைந்த உயரத்தில் மேடை, உட்கார்ந்து காய் நறுக்க ஓர் இடம், அருகிலேயே பெரிய பொது அடுக்களை: இரண்டும் வேண்டும்.

பழைய வீட்டைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. அதன் கதவு நிலைகள் தாழ்ந்தவை, வாசற்படிகள் உயர்ந்தவை. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு படி ஏறி இறங்க வேண்டும். கழிப்பறை கொல்லைக் கோடியில். முற்றத்துக் கல் மழையில் வழுக்கும். எந்தக் கட்டு வரை யார் வரலாம் என்பதைச் சாதியும் பால் வேறுபாடும் தீர்மானித்தன. விதவைகளின் முதுமை பெரும்பாலும் பின்கட்டின் இருட்டிலேயே கழிந்தது. அந்த வீட்டின் பொருட்களும் காற்றோட்டமும் நமக்கு வேண்டும். அந்த ஒதுக்கல் வேண்டாம். இன்று கட்டும் முதியோர் குடியிருப்பில் யாருக்கு இடம் என்பதும் மரபு பற்றிய கேள்விதான். சாப்பாட்டையோ சமூகத்தையோ காரணம் காட்டிச் சிலரைத் தவிர்க்கும் வளாகம் பழைய ஒதுக்கலைப் புதுச் சுவருக்குள் கொண்டுவருகிறது.

ஆத்தங்குடிக் கல் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுவதால் ஒரு விளக்கம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் கல் அது. கண்ணாடியில் இருந்து வழவழப்பு வருகிறது. காலுக்குக் குளிர்ச்சி. கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் அருமையானது. குளியலறைக்கு ஆகாது. அங்கே சொரசொரப்பான கல்லோ, வழுக்காத ஓடோதான் வேண்டும். அடர்ந்த பூ வடிவங்களும் பார்வை மங்கியவர்களைக் குழப்பும், தரையில் பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமியால், அவர் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58ஆம் வயதில், 11 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். கண்புரை என்றால் என்ன என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தரைக்கும் சுவருக்கும் வேறு நிறம், படியின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு, கண் கூசாத ஜன்னல்: புரை விழுந்த கண்ணுக்கு இவை தூணையும் சிற்பத்தையும் விடப் பெரிய உதவி.

இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்து வயதுக்காரர் கட்டிலில் இருந்து எழுகிறார். விளக்குச் சுவிட்ச் கதவருகே. இருட்டில் எட்டு அடி. கழிப்பறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க இரண்டங்குலத் தடுப்பு. உள்ளே ஈரம். கதவு உட்பக்கம் திறக்கிறது. அவர் விழுந்தால் அவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியில் இருந்து யாரும் திறக்க முடியாது. ஒவ்வொன்றையும் மாற்றச் செலவு சொற்பம்: கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் சுவிட்ச், தடுப்புக்குப் பதில் மெல்லிய சரிவும் ஒரு வடிகால் சட்டமும், வெளிப்பக்கம் திறக்கும் மூன்றடி அகலக் கதவு, சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட ஓய்வு இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்கள் இத்தகைய ஏற்பாடுகளைக் கேட்கின்றன. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்றும் சொல்கின்றன. கட்டியவர் விற்றுவிட்டுப் போன பிறகு சமையலுக்கும் மருத்துவத்துக்கும் யார் பொறுப்பு என்பதில்தான் பல வளாகங்களில் சண்டை வருகிறது என்பதால் அந்த முத்தரப்பு ஒப்பந்தம் முக்கியமானது. ஆனால் அது மாதிரி வழிகாட்டுதல். சட்டமாக்குவது மாநிலத்தின் கையில்.

வெயில்

மதுரையின் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். முதிய உடல் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனை இழக்கிறது, தாகமும் குறைகிறது. கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கீழே இறக்கும். மேல்மாடி வீட்டில் இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய தடித்த செங்கற்சுவரும் இரவில் சூடு விடும், ஆனால் வெக்கையில் மக்கள் திண்ணைக்கும் மொட்டை மாடிக்கும் படுக்கையை மாற்றிக்கொண்டார்கள். முற்றம் திறந்திருந்ததால் இரவின் குளிர்ந்த காற்று இறங்கி அறைகளுக்குள் பரவியது. தடித்த சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கண்ணாடியால் மூடுகிற 'மரபு' வீடுகளில் சூடு வெளியேற வழியே இல்லை. திருட்டுக்கும் கொசுவுக்கும் பயந்து முதியவர்கள் ஜன்னலைச் சாத்தித் தூங்குகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கம்பி வலை போட்ட, உயரத்தில் அமைந்த காற்றுத் திறப்புகள் இரண்டு பயத்தையும் தீர்க்கும். மேற்குச் சுவருக்கு ஆழமான தாழ்வாரமோ வேப்பமர வரிசையோ நிழல் தர வேண்டும். கூரைக்கு மேல் சுண்ணாம்பு, செங்கல் ஜல்லித் தளம், தட்டோடு அல்லது வெள்ளை ஓடு. இதில் எதுவும் புதிய தொழில்நுட்பம் இல்லை. கட்டுபவர் விலைப்பட்டியலில் முதலில் வெட்டுவது இதைத்தான்.

மதுரையிலேயே இந்த நிலத்தை உணர்ந்து கட்டிய ஒரு பெரிய கை உண்டு. இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களில் மதுரையை ஒட்டிய பாய்ஸ் டவுனையும், 1970களின் தொடக்கத்தில் கோச்சடையில் மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளுக்கான மதுரை கிளப்பையும் வடிவமைத்தார். இரண்டாவது இன்று ஒரு ஓட்டல் வளாகமாக இருக்கிறது. உள்ளூர்க் கருங்கல், பழைய வீடுகளில் இருந்து வந்த தூண்கள், தாழ்ந்த ஓட்டுக்கூரை, கோயில் தெப்பக்குளத்தை நினைவூட்டும் கல்படிக் குளம், ஓங்கிய மரங்கள். பாவா தூணை ஒட்டவைக்கவில்லை. நிழலில் இருந்து நிழலுக்குப் போகும் நடையைத்தான் முதலில் வரைந்தார் என்பது அங்கே நடந்து பார்த்தால் புலப்படும். தகிக்கும் மதியத்திலும் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார முடிகிறது. வெளிச்சம் கூசாமல் வருகிறது. முதியோருக்கென்று கட்டாத கட்டடம் அது. ஆனால் முதியோர் குடியிருப்பு வரையும் எந்த மாணவரும் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் இருந்து பேருந்தேறிப் போய்ப் பார்க்க வேண்டிய கட்டடம்.

ஊருக்குள்

புறநகர் வளாகமா, ஊருக்குள் வீடா என்ற இடத்துக்கு வருகிறேன். புறநகரில் நிலம் மலிவு, காற்று சுத்தம், யானைமலையோ நாகமலையோ ஜன்னலில் தெரியும். ஆனால் மதுரை முதியவரின் ஒரு நாளைப் பாருங்கள். விடியலில் சித்திரை வீதிகளைச் சுற்றி ஒரு நடை, அங்கே வாகனம் நுழைவதில்லை. கோயிலுக்குள் ஒரு மண்டபத்தில் கொஞ்ச நேரம். திரும்பும் வழியில் காப்பி, நாளிதழ், கீரை. தொழுகைக்குக் காஜிமார் தெருப் பள்ளிவாசல், ஞாயிறு ஆராதனைக்குத் தன் தேவாலயம். சித்திரையில் மாசி வீதியில் தேர், வைகையில் அழகர். பிள்ளைகளுக்கு இது அலைச்சல் என்று தோன்றலாம். அவருக்கு இதுதான் உடற்பயிற்சி, மருத்துவம், செய்தி, உறவு எல்லாமே. பதினைந்து கிலோமீட்டர் தள்ளிய வளாகத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நடந்துபோய் அடைய முடியாது. வாரம் ஒருமுறை வேன் வந்து அழைத்துப்போகும்.

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த கம்போங் அட்மிரல்டி என்ற கட்டடத்தில் முதியோருக்கான 104 வீடுகள், கீழே உணவுக்கடைகள், மருத்துவ மையம், குழந்தைகள் காப்பகம், மேலே படிப்படியாக இறங்கும் தோட்டம், ரயில் நிலையம் பக்கத்திலேயே. 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்ந்தது. அதன் சிறப்பு என்று நான் கருதுவது தோட்டமல்ல, முதியவர் லிப்டில் இறங்கினால் ஊர் இருக்கிறது என்பது.

மதுரையில் இதற்கு அரசு புதிதாக நிலம் தேட வேண்டியதில்லை. மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடையே கீழ்த்தளம் கடையாக, மேல் தளங்கள் கிடங்காகவோ பூட்டியோ கிடக்கும் கட்டடங்கள் நிறைய. பாகப்பிரிவினை முடியாமல் பூட்டிய வீடுகளும் உண்டு. இரண்டு மூன்று ஒட்டிய வீடுகளைச் சேர்த்து, நடுவில் முற்றத்தை மீட்டு, ஒரு லிப்டும் செவிலியர் அறையும் வைத்து, பத்துப் பன்னிரண்டு தனி அடுப்புக் குடியிருப்புகளாக மாற்றினால், இருநூறு வீட்டு வளாகத்தைவிட அது அந்தத் தெருவோடு இசையும். இப்படிப்பட்ட மாற்றத்துக்கு 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் வாகன நிறுத்தத் தேவையைத் தளர்த்த வேண்டும். கார் ஓட்டாதவர்களின் வீட்டுக்குக் கார் நிறுத்துமிடம் கேட்டு அந்த இடத்தில் திண்ணையை அழிப்பதில் பொருளில்லை. சொத்துவரியில் சலுகை கொடுத்தால் சில உரிமையாளர்களாவது முன்வருவார்கள்.

சிற்றூர்களில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களில் மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்க, அப்பத்தாவும் தாத்தாவும் தங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு வளாகம் வேண்டாம், வாங்கவும் முடியாது. அவர்களுடைய வீட்டுக்குக் கைப்பிடி, படுக்கை அருகே கழிப்பறை, வாசலுக்குச் சாய்தளம், கூரைக்கு வெள்ளை ஓடு ஆகியவற்றைச் செய்துதரும் ஒரு சிறு மானியத் திட்டம் புதிய முதியோர் இல்லம் கட்டுவதைவிடக் குறைந்த செலவில் அதிகம் பேரைச் சென்றடையும். ஊராட்சிகளுக்கு வீடு கட்டும் திட்டங்களை நடத்திய பழக்கம் ஏற்கெனவே உண்டு. கொத்தனார்களும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். கிராமத்து மந்தையில் அரசமர மேடை ஓரடி உயரத்தில் இருந்தால் ஒன்றரை அடியாக உயர்த்தி, சாய்ந்துகொள்ள முதுகுச்சுவர் கட்டி, பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் வைப்பதையும் அதே திட்டத்தில் சேர்க்கலாம். பக்கத்தில் கழிப்பறை இல்லை என்பதற்காகவே வெளியே வராமல் இருக்கும் கிழவிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.